பக்கம் 41இல் லூதியானா

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த தலையங்கத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு வட்டாரத்தில் தொழில் எப்படி முளைக்கிறது, எப்படிப் புதுமை காண்கிறது என்று வெளிநாட்டு அறிஞர்கள் ஆராய்ந்து சொன்ன நல்ல கோட்பாடுகள் நம் ஊருக்கு வந்துசேர ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். தாமதமே ஆகவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். எல்லாம் சுடச்சுட வந்தது. சுமந்துவந்து இறக்கியவர்களில் நானும் ஒருவன்.

நான் கோவைக்காரன். 1999இல் இங்கே ஒரு ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்து 22 ஆண்டுகள் திட்ட அறிக்கை எழுதிப் பிழைத்தவன். ஒரே தொழில் செய்யும் சிறு பட்டறைகள் நெருங்கியிருக்கும் ஊருக்கு அரசு மானியம் வேண்டுமானால் முதலில் கள ஆய்வு அறிக்கை ஒன்று வேண்டும், அப்புறம் விரிவான திட்ட அறிக்கை ஒன்று வேண்டும், ஆங்கிலச் சுருக்கத்தில் டி.பி.ஆர். இரண்டையும் எழுதித் தர எங்களைப் போல ஆட்கள் உண்டு. பட்டறைக்காரர்களுக்கு எங்களை 'டி.பி.ஆர். காரங்க' என்றால்தான் தெரியும்.

ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கு மாவட்டம் ஒன்றில் இருக்கும் இரும்பு வார்ப்புப் பட்டறைகளைப் பற்றி நான் எழுதிய அறிக்கையின் 41ஆம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அறிக்கை ஆங்கிலம், தமிழில் சொல்கிறேன்: 'குளிர்காலம் முடிந்ததும் லூதியானாவில் ஆர்டர் குறைந்துவிடுவதால் தொழிலாளர்களுக்கு வேலை இருப்பதில்லை.' லூதியானா பஞ்சாபில் இருக்கிறது. கம்பளிப் பின்னலாடைக்குப் பேர்போன ஊர். அந்த ஊருக்காக யாரோ எழுதிய அறிக்கைதான் எங்கள் அலுவலகத்தில் மாதிரி. அதைக் கணினியில் திறந்து, கம்பளி என்று வந்த இடத்திலெல்லாம் வார்ப்பு என்றும், லூதியானா என்று வந்த இடத்திலெல்லாம் அந்த வார்ப்பு ஊரின் பெயர் என்றும் மாற்றினேன். ஓரிடத்தில் ஊர்ப் பெயர் வரியின் கடைசியில் இரண்டாக உடைந்து நின்றிருக்கிறது. கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை, நானும் கவனிக்கவில்லை.

அந்த அறிக்கை மூன்று குழுக்களைத் தாண்டி ஒப்புதல் வாங்கியது. கூட்டத்தில் கேள்விகள் வந்தன. கட்டடத்தின் சதுர அடி எவ்வளவு, நிலப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, பங்குத் தொகை வங்கியில் ஏறிவிட்டதா, இப்படி. இரும்பு உருக்குகிறவனுக்குக் குளிர்காலம் முடிந்தால் ஏன் வேலை போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கே நான்கு ஆண்டு கழித்து, நிறைவு அறிக்கை எழுதப் பழைய கோப்பைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. நானும் வாயைத் திறக்கவில்லை.

கோட்பாடுகள் எப்படிப் பரவுகின்றன என்று பல்கலைக்கழகங்களில் ஆய்வு நடக்கிறதாம். என்னைக் கேட்டால், கணினியில் ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றைப் போட 'கன்ட்ரோல்', 'எச்' என்ற இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்துவோமே, அப்படிப் பரவுகின்றன என்பேன்.

சரி, கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு ஆர்வம் அதிகம். அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒப்புக்கு வரும் பெயர்களையெல்லாம் தேடிப் படித்தேன். ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1890இல் ஒன்று சொன்னார். ஒரு தொழில் ஓர் இடத்தில் வேர்பிடித்துவிட்டால் அங்கே அது நெடுநாள் நிற்கும். அதன் நுணுக்கங்கள் யாருக்கும் மர்மமாக இருப்பதில்லை. காற்றில் கலந்தது போல இருக்கும், சின்னப் பிள்ளைகள்கூடத் தங்களுக்குத் தெரியாமலே கற்றுக்கொள்ளும். ஷெஃபீல்டின் கத்திப் பட்டறைகளையெல்லாம் மனதில் வைத்துச் சொன்னது. பெரிய ஆலைகள் வந்தபின் அதைப் பலரும் மறந்துபோனார்கள். 1979இல் ஃபிளாரன்ஸ் நகரத்துப் பேராசிரியர் ஜாக்கோமோ பெக்காட்டினி அதைத் தூசிதட்டி எடுத்தார். பக்கத்திலேயே பிராட்டோ என்ற கம்பளி ஊர் இருந்தது. வடக்கே கார்ப்பி பின்னலாடைக்கும், சசுவோலோ தரை ஓடுகளுக்கும் பேர்போனவை. எல்லாம் சின்னச் சின்னக் குடும்பப் பட்டறைகள், ஆனால் உலகச் சந்தையில் நிற்கின்றன. எப்படி என்று இத்தாலியர்கள் ஆராய்ந்தார்கள். 1991இல் 'தொழில் வட்டாரம்' என்ற சொல் அந்த நாட்டுச் சட்டத்திலேயே ஏறிவிட்டது. ஒரு கட்டுரை சட்டமாகப் பன்னிரண்டு ஆண்டு.

இதற்கிடையில் அமெரிக்காவில் மைக்கேல் போர்ட்டர், ஹார்வர்டுக்காரர், 1990இல் இதையே வேறு உடையில் கொண்டுவந்தார். சசுவோலோ ஓட்டுத் தொழில் அவருடைய முக்கியமான உதாரணங்களில் ஒன்று. ஒரே தொழில்காரர்கள் ஓரிடத்தில் நெருங்கியிருக்கும் கூட்டத்துக்கு அவர் கொடுத்த பெயர்தான் கிளஸ்டர், நம் அரசுத் தமிழில் குழுமம். வைரம் மாதிரி நான்கு மூலை கொண்ட ஒரு படமும் போட்டார். மூலப்பொருளும் ஆள்பலமும் ஒரு மூலை. உள்ளூர்ச் சந்தை இன்னொன்று. துணைத் தொழில்கள் மூன்றாவது. நிறுவனங்களுக்குள் நடக்கும் போட்டி நான்காவது. படம் போட்டதும் பாருங்கள், கருத்துக்குக் கால் முளைத்துவிட்டது. படத்தைத் திரையில் காட்டலாம், கட்டங்களை நிரப்பலாம். ஸ்பெயினின் பாஸ்க் வட்டார அரசு அந்த 90களின் தொடக்கத்திலேயே அவருடைய ஆலோசனைக் குழுவை அழைத்துக்கொண்டது. 1992இல் வேல்ஸ் நாட்டு கார்டிஃபிலிருந்து ஃபிலிப் குக் என்பவர் 'வட்டாரப் புதுமை அமைப்பு' என்றார். தொழிற்சாலை மட்டும் போதாது, பல்கலைக்கழகம், பயிற்சி நிலையம், வங்கி, உள்ளூர் நிர்வாகம் எல்லாம் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சாரம்தான். ஆனால் அதே வேல்ஸில் 1996இல் ஒரு கொரிய நிறுவனம் நியூபோர்ட் நகருக்கு வந்து 6,100 பேருக்கு வேலை தருவதாகச் சொன்னது, அரசும் அள்ளிக் கொடுத்தது. சிப் ஆலையின் கட்டடம் எழும்பியது. ஒரு சிப் வெளியே வரவில்லை. கோட்பாடு பிறந்த வீட்டிலேயே நிலைமை அப்படி.

நம் நாட்டுக்கு இது ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்பான யுனிடோ வழியாக 90களின் பிற்பாதியில் வந்தது. 1997இல் ஆபித் ஹுசேன் குழு, சிறுதொழிலைத் தனித்தனியாகப் பார்க்காமல் கூட்டமாகப் பாருங்கள் என்று மத்திய அரசுக்குச் சொன்னது. 1998இல் திட்டம் தொடங்கியாயிற்று. 2003இல் அதற்குப் பெயர் மாறியது, 2007இல் மறுபடியும் மாறியது. பெக்காட்டினி எழுதியது 1979, டெல்லியில் திட்டம் 1998. இருபது ஆண்டு கூட ஆகவில்லை. தார்ச்சாலை வர இதைவிட அதிக காலம் காத்திருந்த ஊர்களை எனக்குத் தெரியும்.

'இந்தியாவில் சுமார் 350 சிறுதொழில் குழுமங்களும், 2,000 கைவினைக் குழுமங்களும் உள்ளன' என்று யுனிடோவின் கணக்கு ஒன்று உண்டு. அந்த ஒரு வரியை நான் பதினைந்து ஆண்டுகள் எல்லா அறிக்கையிலும் முதல் பக்கத்தில் போட்டேன். பதினைந்து ஆண்டில் ஒரு குழுமம் கூடவில்லை, ஒன்று குறையவும் இல்லை.

இப்போது என் அப்பாவின் பட்டறையைப் பற்றிக் கொஞ்சம். இதைச் சொன்னால்தான் நான் எதற்காகப் புலம்புகிறேன் என்று புரியும்.

கோவை ஆவாரம்பாளையத்தில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு கொட்டகை. லேத் என்கிற கடைசல் எந்திரம் ஆறடியில் ஒன்று, துளைபோடும் எந்திரம் ஒன்று, சாணைக்கல் ஒன்று. 1970களில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அங்கே ஒரு வேலை உண்டு. அப்பா ஷாஃப்ட், அதாவது சுழல்தண்டு, கடைந்து வைத்திருப்பார். அதில் கீவே என்கிற சின்னப் பள்ளம் வெட்ட வேண்டும், அதை வெட்டும் ஸ்லாட்டிங் எந்திரம் எங்களிடம் கிடையாது. சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஸ்லாட்டிங் பட்டறைக்குப் போவேன். அங்கே எப்போதும் நாலைந்து பையன்கள் என்னைப் போலவே சாக்கோடு நிற்பார்கள். பட்டறைக்காரர் சீட்டு எழுத மாட்டார். சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு. எங்கள் அப்பா பெயருக்கு நேராக ஆறு கோடு, எதிர்ப் பட்டறைக்கு நாலு கோடு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கோடுகளை எண்ணிக் கணக்கு முடிப்பார்கள். அப்புறம் சுண்ணாம்பு அடிப்பார்கள். கியர் வெட்ட இன்னொரு இடம், வார்ப்புக்குப் பேட்டர்ன் என்கிற மாதிரி உரு செய்ய ஒரு ஆசாரி, மோட்டாருக்கு வைண்டிங் சுற்ற ஒரு அக்கா. தெருவையே ஒரு தொழிற்சாலை என்று சொல்லலாம், முதலாளிதான் யாரும் இல்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் யாருக்கு எந்த மோட்டார் எரிந்தது என்ற பேச்சு ஓடும். கோடையில் கிராமத்தில் மின்சாரம் தாழ்ந்து வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீர் இறைப்பார்கள், மோட்டார் திணறிச் சூடேறிச் சுருள் கருகிவிடும். விவசாயி மோட்டாரை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டுத் திட்டுவார். அந்தத் திட்டு எங்கள் தெருவுக்கு ஒரு ஆய்வுக்கூடம் மாதிரி. இத்தனை சுற்றுக் கூடுதலாகச் சுற்றிப் பார், கம்பியைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டுப் பார் என்று ஒருவர் சொன்னதை மறுநாள் மூன்று பேர் செய்து பார்ப்பார்கள். மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் தாங்குகிற மோட்டார் என்று கோயம்புத்தூர் பம்புசெட்டுக்குக் கிடைத்த பெயரில் பாதி இப்படி வந்தது. 1955இல் சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் மாவரைக்கும் எந்திரத்தை உருவாக்கினார் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். அவரைப் பார்த்து எத்தனை பட்டறைகள் கிரைண்டர் செய்தன! மார்ஷல் சொன்ன 'காற்று' இதுதான். எங்கள் தெருவில் அதில் கொஞ்சம் இரும்புத்தூள் வாசம் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆக, கோட்பாடு பொய் என்று நான் சொல்லவில்லை. அதைப் படித்த அன்று 'அட, நம்ம தெருவைப் பற்றி எழுதியிருக்கிறாரே' என்று ராத்திரி தூக்கம் வரவில்லை எனக்கு. அப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்கு வெள்ளைக்காரன் வந்துதான் சொல்லணுமா தம்பி" என்றார்.

கோட்பாடு இங்கே வந்துசேரும் வழியில்தான் கோளாறு நடக்கிறது. காற்றுக்கு மானியம் கொடுக்க முடியாது, தணிக்கையில் கேட்பார்கள். சுவரில் இருந்த கரிக்கோட்டுக்கு ரசீது இல்லை. டீக்கடைப் பேச்சுக்கு ஒப்பந்தப்புள்ளி கோர முடியாது. அதனால் கோட்பாடு திட்டமாக மாறும்போது எதைக் கட்ட முடியுமோ, எதை வாங்க முடியுமோ அது மட்டும் மிஞ்சுகிறது. ஒரு கட்டடம், உள்ளே நாலு எந்திரம். அதற்குப் பெயர் பொது வசதி மையம். 15 கோடி ரூபாய் வரையிலான மையத்துக்கு 70 சதவீதம் மத்திய அரசு மானியம் என்று பல ஆண்டுகள் இருந்தது. குறைந்தது இருபது தொழில்முனைவோர் சேர்ந்து ஒரு சிறப்பு நிறுவனம் பதிவு செய்ய வேண்டியிருந்தது.

அந்த இருபது பேரைச் சேர்ப்பது எப்படி என்று சொல்கிறேன். ஊரில் வசதியான நாலைந்து பேர் முன்வருவார்கள். மீதிப் பதினைந்துக்கு மனைவி, மைத்துனர், கணக்குப்பிள்ளையின் தம்பி. நானே வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஒரு வீட்டில் அம்மா மாவு கையோடு வந்து, "எங்க சாமி போடணும்?" என்று கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போட்டார். அறிக்கையில் அவர் 'பெண் தொழில்முனைவோர்.' சாக்குப் பையோடு வரிசையில் நிற்கும் பையனின் அப்பா, ஒற்றை லேத் வைத்து ஜாப் ஆர்டர் செய்பவர், அவர் இதில் இல்லை. பங்குத் தொகை கட்ட அவரிடம் பணம் இல்லை. மார்ஷல் பார்த்தது அவரைத்தான். மானியம் போனது வேறு வீட்டுக்கு.

முதல் விழிப்புணர்வுக் கூட்டத்தை மறக்க முடியாது. கல்யாண மண்டபத்தில் வைத்தோம். டெல்லியிலிருந்து வந்தவர் ஆங்கிலத்தில் பேச, நான் தமிழில் சொல்ல வேண்டும். கிளஸ்டர் என்பதற்கு அரசு ஆவணங்களில் 'குழுமம்' என்று இருக்கிறது, அதையே சொன்னேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து, "குழுமம்னா ஒரே முதலாளிக்கு நாலஞ்சு கம்பெனி இருக்குமே, அதுங்களா?" என்றார். இல்லைங்க, நீங்கள் எல்லோரும் சேர்ந்தது என்றேன். "நாங்க சேரவே இல்லீங்களே தம்பி. பக்கத்துல பக்கத்துல இருக்கறோம், அவ்ளோதான்" என்றார். மண்டபம் சிரித்தது. அந்த வித்தியாசம் இத்தாலியப் பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதிய விஷயம். பெரியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. பெரியவர் என்ன சொன்னார் என்று டெல்லிக்காரர் கேட்டார், திட்டத்தை வரவேற்கிறார் என்றேன்.

மையம் திறந்தபின் நடந்தது இன்னும் சுருக்கம். நான் சொல்லும் வார்ப்பு ஊரில், நுண்ணளவு பார்க்கும் எந்திரம் ஒன்று வந்தது. அதற்குக் குளிர்சாதன அறை வேண்டும், எப்போதும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். ஓட்டுவதற்குப் பயிற்சி பெற்ற ஒரு பையன் வேண்டும். பையன் கிடைத்தான், நல்ல பையன். எட்டு மாதத்தில் ஒசூர்ப் பக்கம் ஒரு கார் உதிரிபாக ஆலை இரண்டு மடங்கு சம்பளத்துக்கு அழைத்துக்கொண்டது. திட்டத்தில் எந்திரத்துக்குப் பணம் இருந்தது, கட்டடத்துக்குப் பணம் இருந்தது. ஆளுக்குச் சம்பளம் மையமே சம்பாதித்துக் கொடுக்க வேண்டும். ஆள் இல்லை, அதனால் வேலை வரவில்லை. வேலை வராததால் வருமானம் இல்லை. எந்திரம் ஓடாவிட்டாலும் மின்வாரியத்துக்கு மாதாமாதம் நிலைக்கட்டணம் கட்ட வேண்டும். மூன்றாவது வருஷம் நான் போனபோது வாசலில் கல்வெட்டு இருந்தது, கதவில் பூட்டு இருந்தது. எந்திரத்தின் மேல் அளவுகோலுக்குத் தூசி படக்கூடாதென்று யாரோ பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். யாருக்கோ மனசு கேட்கவில்லை போல.

எல்லா மையமும் இப்படித்தான் என்று சொல்லிவிட மாட்டேன். ஓடுகிறவை உண்டு. கோவையிலேயே பாருங்கள். தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான 'சிட்ரா' 1956இல் மில்காரர்கள் சேர்ந்து தொடங்கியது. பம்புகளைச் சோதிக்க 'சிட்டார்க்' 1987இல் வந்தது. அன்றைக்கு கிளஸ்டர் என்ற சொல்லே இங்கு யாருக்கும் தெரியாது. பம்புக்குத் தர முத்திரை வேண்டும், அதற்குச் சோதனை வேண்டும், ஒவ்வொருவரும் தனியாகச் சோதனைக்கூடம் வைக்க முடியாது. தேவை முதலில் வந்தது, கட்டடம் பிறகு. கார்ப்பியிலும் 1980இல் பின்னலாடைக்காரர்களுக்காக ஒரு தகவல் மையம் வைத்தார்கள். அதில் பெரிய எந்திரம் பெரிதாகப் பேசப்படவில்லை. அடுத்த பருவத்துக்கு எந்த நிறம், எந்த நூல், எந்தச் சந்தை என்று சொல்ல ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இத்தாலிப் பயணம் போய்வந்த நம்மவர்கள் காட்டிய புகைப்படங்களில் நான் பார்த்ததெல்லாம் முகப்புக் கட்டடம்தான். உட்கார்ந்திருந்த ஆட்களைப் படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

என் மனதை உறுத்தும் இன்னொன்று திருப்பூர். இத்தாலிக்கும் திருப்பூருக்கும் உள்ள தொடர்பு பேராசிரியர்களுக்கு முந்தியது. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி பனியன் தேடி வந்ததிலிருந்துதான் ஏற்றுமதி சூடுபிடித்தது என்று அங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். 2004 வாக்கில் அந்த ஊரைப் பற்றிய ஆய்வு ஒன்றில் எனக்கும் பங்கு இருந்தது. பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம். பலம் என்ற கட்டத்தில் நான் எழுதினேன்: 'சாயப் பட்டறைகள் மிக அருகருகே அமைந்துள்ளன.' துணைத் தொழில்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது போர்ட்டர் வைரத்தின் ஒரு மூலை அல்லவா, அதற்குப் பொருத்தமாக இருந்தது. அன்று மாலை ஊர் திரும்பும்போது பேருந்து நொய்யல் பாலத்தைத் தாண்டியது. ஆறு என்ன நிறத்தில் ஓடியது என்று அந்தக் காலத்துத் திருப்பூரைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத்துக்குத் தேக்கிய தண்ணீர் பயிருக்கு ஆகாமல் போனதும் ஊரறிந்தது. பேருந்தில் உட்கார்ந்தபடி மூக்கைப் பொத்திக்கொண்டேன், ஆனால் அறிக்கையில் கட்டத்தை மாற்றவில்லை. அந்த வைரத்தில் ஆற்றுக்கு மூலை கிடையாது.

ஆறு பாயும் கீழ்ப்பகுதியில் இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சாயக் கழிவை ஆற்றில் ஒரு சொட்டும் விடக்கூடாது என்று 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் கெடு வைத்தது. 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே நின்றது. அதற்குப் பின்னால்தான் கழிவுநீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டில் திருப்பூர் முழுமூச்சாக இறங்கியது. இன்று அதைச் சாதனை என்று உலகத்துக்குச் சொல்கிறார்கள். சொல்லட்டும், சாதனைதான். ஆனால் அந்தப் புதுமையைக் கொண்டுவந்தது எந்தக் கோட்பாடும் இல்லை. தென்னை காய்ந்துபோன விவசாயி போட்ட வழக்கு. புதுமை எங்கிருந்து வருகிறது என்று எழுதுகிற அறிக்கைகளில் அவர்களுக்கு இன்னும் ஒரு கட்டம் போடக் காணோம்.

2010க்கு அப்புறம் எங்கள் மாதிரி அறிக்கையில் சொற்கள் மாறின. கிளஸ்டர் இருந்த இடத்தில் 'இன்னோவேஷன்' வந்தது, அப்புறம் 'ஹப்', கடைசியாக 'ஈகோசிஸ்டம்'. ஒரு கூட்டத்தில் இதை 'சூழலமைப்பு' என்று தமிழாக்கிச் சொன்னேன். பட்டறைக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "மரம் வைக்கப் போறாங்களாட்ட இருக்குது" என்றார். அவரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. மாற்றியவை சொற்கள் மட்டும்தான். கட்டடம், எந்திரம், இருபது கையெழுத்து எல்லாம் அப்படியே இருந்தன.

இது நம் ஊர் நோய் மட்டும் என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். ஐரோப்பாவில் 2009 வாக்கில் டொமினிக் ஃபோரே முதலானோர், ஒவ்வொரு வட்டாரமும் எல்லாவற்றையும் செய்ய நினைக்காமல் தனக்கே உரிய வலுவைக் கண்டுபிடித்து அதில் முதலீடு செய்ய வேண்டும் என்றார்கள். 2014இலிருந்து அப்படி ஒரு உத்தி ஆவணம் வைத்திருந்தால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் வட்டார நிதியில் ஆராய்ச்சிக்கும் புதுமைக்குமான பணம் கிடைக்கும் என்று நிபந்தனையாகவே ஆக்கிவிட்டார்கள். ஐந்தே ஆண்டில்! கருத்தைச் சொன்னவர்களே அதன் வேகத்தைப் பார்த்து வியந்து எழுதினார்கள். நிபந்தனை வந்ததும் ஆவணங்கள் குவிந்தன. தனித்தன்மையைக் கண்டுபிடியுங்கள் என்றால் பல வட்டாரங்கள் தகவல் தொழில்நுட்பம், எரிசக்தி, உணவு, மருத்துவம் என்று ஒரே பட்டியலைக் கொடுத்தன. போலந்திலும் போர்ச்சுகலிலும் என்னைப் போல ஒருவன் கணினி முன்னால் உட்கார்ந்து ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டிருந்திருப்பான் என்று நினைக்கும்போது ஒரு சின்ன ஆறுதல்.

உங்கள் தலையங்கம் இன்னும் புதிய கோட்பாடுகளை வரவேற்கச் சொல்கிறது. வரட்டும். எனக்கு இரண்டே வேண்டுகோள், அதுவும் கோட்பாட்டுக்காரர்களிடம் இல்லை, பணம் கொடுக்கிறவர்களிடம். ஆய்வு அறிக்கையை ஒப்புதலுக்கு முன்னால் தமிழில் அச்சடித்து அந்த ஊர்த் தொழில்காரர்களிடம் கொடுங்கள். பத்து நாள் டீக்கடையில் கிடந்தால் போதும். லூதியானாவை 41ஆம் பக்கம் வரை போகவிட மாட்டார்கள். இன்னொன்று, கட்டடத்தின் பணத்தில் ஒரு பங்கை எடுத்து அந்த எந்திரத்தை ஓட்டும் பையனுக்கு ஐந்து வருஷச் சம்பளமாக வையுங்கள். திறப்பு விழாவுக்கு மூன்று வருஷம் கழித்து யாராவது போய் எந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேளுங்கள். மீட்டரிலேயே இருக்கும், பார்த்துச் சொல்ல ஆலோசகர் தேவையில்லை. என் தொழிலுக்கு நானே உலை வைக்கிறேன் என்று பழைய சகாக்கள் கோபிப்பார்கள். ஓய்வு பெற்றாயிற்று, பரவாயில்லை.

சென்ற மாதம் ஆவாரம்பாளையம் போனேன். அப்பாவின் கொட்டகை இடிந்து அங்கே ஒரு கைப்பேசிக் கடை இருக்கிறது. ஸ்லாட்டிங் பட்டறைக்காரரின் மகன் இப்போது கணினியில் இயங்கும் சி.என்.சி. எந்திரம் இரண்டு போட்டிருக்கிறார். அந்தச் சுவர் இருக்கிறதா என்று பார்த்தேன், டைல்ஸ் ஒட்டியிருக்கிறார். கணக்கு வாட்ஸாப்பில் போகிறதாம். யாருக்கு எத்தனை கீவே என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் இன்றும் கணக்கு முடிக்கிறார்கள். அந்த வட்டாரத்துக்கு வந்த எந்த மானியத் திட்டத்திலும் அவர் பெயர் இல்லை, கேட்டபோது அப்படி ஒன்று வந்ததே தெரியாது என்றார்.

உங்கள் நிருபர் யாராவது வருவதானால் நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். பத்தரைக்கு மேல் வரச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் எல்லோரும் டீக்கடையில் இருப்பார்கள். இல்லை, அதற்கு முன்னாலேயே வரச் சொல்லுங்கள்.

பெயரைப் போட வேண்டாம். பழைய அலுவலகத்தில் இன்னும் நண்பர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திட்ட அறிக்கை எழுத்தாளன்,
சவுரிபாளையம், கோயம்புத்தூர்.